நாற்பத்தோராம் பக்கம்

"உண்மையைச் சொல்லுங்க, இதுக்கு முன்னாடி இந்த ஊருக்கு யாரோட வந்தீங்க?"

மணிக்கூண்டு நிழலிலேயே நின்றுவிட்டாள் மனைவி. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் இருவரும் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பியது இதுதான் முதல் தடவை. அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் கணவருக்கு என்றைக்குத்தான் லீவு கிடைத்தது? ரிட்டையரான மறுவாரமே, பெரிய மனது பண்ணி இந்தச் சின்ன ஊருக்குக் கூட்டி வந்திருந்தார்.

"சத்தியமா நானும் இப்பதான் வரேன்."

"காதுல பூ சுத்தாதீங்க. கடிகாரம் ஆறு நிமிஷம் பின்னாடி ஓடும்னு அண்ணாந்து பார்க்காமலே சொன்னீங்க. மியூசியத்துல மூணாவது ரூம் குட்டை வாசல் வர்றதுக்கு முன்னாடியே தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க. பாலத்துல ஏழு வளைவுல ஒண்ணு மட்டும் செங்கல்லாமே, எவ சொல்லிக் கொடுத்தா?"

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். கேட்டு முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் பதறிப்போய்ப் பையிலிருந்து ஒரு பழுப்பேறிய புத்தகத்தை எடுத்து நீட்டினார். அந்த ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான கையேடு.

"நான் புரூஃப் பார்த்த முதல் புத்தகம். அப்புறம் எட்டுப் பதிப்பு வந்துது, எட்டையும் எழுத்தெழுத்தாப் படிச்சேன். நீ கேட்ட அந்த 'எவ' இவதான்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?"

"உன்கிட்ட கொஞ்சம் பந்தா பண்ணிப் பார்க்கலாம்னு..."

அவர் கையைக் கோத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தாள். அங்கே ஒரு கல் பெஞ்சு. அதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு ஜோடிகள் வரிசையில் நின்றிருந்தார்கள். வழிகாட்டி ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"நானூறு வருஷத்துப் பழக்கமுங்க! இதுல ஜோடியா உக்காந்து எழுந்தா ஆயுசுக்கும் சண்டையே வராது!"

"இது நமக்குத்தான் முதல்ல வேணும்" என்று அவரையும் வரிசைக்கு இழுத்துப் போனாள்.

அவர்கள் முறை வந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். அவரோ நின்றபடியே பெஞ்சின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். கல்லின் முனை கொஞ்சமும் தேயாமல் கூராக இருந்தது.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? இது உங்க புத்தகத்துல இல்லையா?"

"இருக்கு. நாற்பத்தோராம் பக்கம், கடைசி ரெண்டு வரி."

"அப்புறம் என்ன?"

அவர் அவளை ஒட்டி உட்கார்ந்து, வழிகாட்டிக்குக் கேட்காதபடி அவள் காதோரம் குனிந்தார்.

"கல்யாணமான புதுசுல, எங்கயாவது கூட்டிட்டுப் போங்கன்னு நீ கேட்டதுக்கு ஒருநாள் உன்கிட்ட சண்டை போட்டுட்டு வேலைக்குப் போனேன். அன்னிக்கு அந்தப் பக்கத்துல ரெண்டு வரி இடம் காலியா இருந்துது, மனசு கேக்காம நான்தான் எழுதி நிரப்பினேன். அப்போ இங்க பெஞ்சே கிடையாது."