எழுபது டிகிரி

பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் முன்னால் தையல்காரி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். மாலை வெயில் தட்டுகளின் விளிம்பில் பட்டுத் தெறிக்கிறது. ஐம்பது டிகிரி போதும் என்பது அவள் கட்சி. எழுபது வைத்தால்தான் எண்ணெய்ப் பிசுக்குப் போகும் என்பது கணவரின் வேதவாக்கு. அந்த எழுபதில்தான் நேற்று அவளுடைய மரக்கரண்டிகள் எல்லாம் வாய் பிளந்தன. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவரான அவர், "மரம்னா வெடிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டினார். இப்போது அவள் கையில் அவர் காபி குடிக்கும் கோப்பை இருக்கிறது. மாணவர்கள் கொடுத்தது, 'எங்கள் ஆசான்' என்று பொன்னெழுத்து மினுங்குகிறது. அடியில், 'கையால் மட்டும் கழுவவும்' என்று பொடியாக அச்சிட்டிருக்கிறது. அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறாள். நேற்றிலிருந்து நெஞ்சில் கனன்றதெல்லாம் விரல் நுனிக்கு வந்துவிட்டது போல இருக்கிறது. வெந்நீர் நேராக அடிக்கும் கீழ்த்தட்டில், நட்ட நடுவே அதைக் கவிழ்த்துக் கதவைச் சாத்துகிறாள். எழுபதில் வைத்துப் பொத்தானை அழுத்துகிறாள்.

கூடத்திலிருந்து அவர் வருகிறார். "எத்தனைல வச்சிருக்கே?"

"எழுபதுல."

"இப்பவாச்சும் புத்தி வந்துச்சே." சமையல் மேடையைத் துழாவுகிறார். "என் கப் எங்க?"

"உள்ளதான் இருக்கு."

அவர் கை பாய்ந்து கதவின் கைப்பிடியைப் பிடிக்கிறது. அவள் முழங்காலில் கையூன்றி எழுந்து, துண்டில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்கிறாள்.

"ஓடுறப்போ திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க" என்கிறாள், குரலில் தேன் வழிய.

உள்ளே வெந்நீர் பீய்ச்சியடிக்கத் தொடங்குகிறது. அவர் கையை எடுக்கவும் இல்லை, கதவைத் திறக்கவும் இல்லை.