தும்மிய நேரத்தில்

குளிர்பானக் கம்பெனியில், கழுவும் இயந்திரத்திலிருந்து வரிசையாக வரும் காலி கலர் பாட்டில்களை, வெள்ளை வெளிச்சத்துக்கு முன்னால் நின்று, வைத்த கண் வாங்காமல் பார்ப்பதுதான் செங்கமலத்தின் வேலை. பாழாய்ப்போன தும்மல் வந்தது. அந்தக் கண்சிமிட்டலில் ஒரு பாட்டில் அடியில் கண்ணாடிச் சில்லோடு கடந்துபோனது போலிருந்தது. காலையிலிருந்து இரண்டு தரம் பெல்ட்டை நிறுத்திவிட்டாள். இரண்டு தரமும் வெறும் நீர்த்துளி.

“மூணாந்தரம் நிறுத்துனா நாளைக்கு வர வேண்டாம்னுட்டாரு சூப்பர்வைசர். பேசாம இரு அக்கா,” என்றாள் பக்கத்தில் நின்ற பிலோமினா.

“எந்தப் புள்ள தொண்டையில இறங்குமோடி!”

செங்கமலம் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். அதற்குள் முந்நூறு பாட்டில்கள் நிரம்பி, மூடியோடு நின்றன. கறுத்த பானத்துக்குள் வெளிச்சம் புகவில்லை.

“இதுல எது அக்கா?” என்றாள் பிலோமினா.

சூப்பர்வைசர் கத்திக்கொண்டே வருவது கேட்டது. செங்கமலம் முதல் பாட்டிலைத் திறந்து, தன் உள்ளங்கையில் கவிழ்த்தாள்.