ஆறே முக்கால்

கஜகஸ்தானின் கரகண்டா நிலக்கரிச் சுரங்க அலுவலகத்து ஜன்னலில் கரித்தூள் படிந்த பனி. மக்பாலின் புருஷனைக் கொன்ற வெடிப்பு ஆறே முக்காலுக்கு நடந்தது. அப்போது உள்ளே வாயு எவ்வளவு என்பது சர்வரில் சுருக்கப்பட்டுக் கிடக்கும் கோப்பில் இருக்கிறது. அவள் எழுதிய சி மொழி நிரல் அதை நினைவகத்தில் விரித்து, பக்கம் பக்கமாகத் தொட்டுப் பிரிக்கிறது. திரையில் அன்றைய பதிவு: ஆறு இருபது. ஆறு முப்பது. வாயுவின் எண் ஏறுகிறது. "நகல் எடுத்துட்டியாம்மா?" என்கிறான் பக்கத்து மேசை பொலாத். "எடுத்தா மேலாளருக்குத் தெரிஞ்சிடும்ண்ணே. மூலத்தையே மேப் பண்ணி, அது இருக்கற எடத்துலயே படிக்கிறேன்." "அடி பைத்தியமே, நீ படிக்கறப்பவே அந்தாளு கோப்ப வெட்டிக் காலியாக்கினா?" ஆறு நாற்பது. அடுத்துத் தொட்ட பக்கம் அங்கே இல்லை. நிரல் செத்து விழுகிறது. கோப்பின் அளவு பூஜ்யம். மேலாளர் அறையில் விசைப்பலகைச் சத்தம் நின்று, தேநீர்க் கிண்ணத்தில் கரண்டி சுற்றுகிறது.