கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

“காளான் எதுல சேர்த்தி? செடியா, பிராணியா?”

“ரெண்டுலயும் இல்லை சார். அது பூஞ்சை, தனி இனம்.”

“தப்பு. செடி.”

அவள் திகைத்தாள். ஆராய்ச்சிப் பட்டத்தையே பூஞ்சையில் பெற்றவள். விண்கலத்தின் உட்சுவரில் படரும் பூஞ்சையை ஆராய, அடுத்த பயணத்தில் ஓர் இருக்கை காலியாக இருந்தது. அதற்குத்தான் இந்தச் சோதனை. தடித்த கண்ணாடிக்கு அப்பால், எதிர் அறையில், வினாத்தாளுடன் அமர்ந்து ஒலிபெருக்கி வழியே கேட்டுக்கொண்டிருந்தவரோ விண்வெளிக்குச் சென்று திரும்பிய மூத்த விமானி. அவரை எப்படி மறுப்பது?

காலையில் இருவரையும் நிறுத்திவைத்து மருத்துவர் சொல்லியிருந்தார்: “காத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்போம். மூளை மந்தமாகும். குழம்பறவங்களுக்கு, அவங்க குழம்பறதே தெரியாது. ஏதாவது தப்பாப் பட்டா, சிவப்புப் பொத்தானை அழுத்துங்க.”

தலைக்கு மேலே, கம்பிவலைக்குள் ஏதோ இரைந்துகொண்டிருந்தது. காற்றை உறிஞ்சுகிறார்கள். பொத்தானை அழுத்தினால் இருக்கை போயிற்று.

விமானி ஒரு படத்தைக் கண்ணாடியோடு ஒட்டிக் காட்டினார். அடியில் திருகு வைத்த, நீண்ட அளவுக் குழாய். “இது என்ன?”

“பியூரெட்.”

“கூம்புக் குடுவைம்மா இது. வயிறு எவ்வளவு அகலமா இருக்கு, பாருங்க.”

படத்தில் வயிறே இல்லை. ஒட்டடைக்குச்சி போல் மெலிந்து நின்றது.

“சார், கிண்டல் பண்றீங்களா?”

“நான் ஏம்மா கிண்டல் பண்றேன்? உங்களுக்குத்தான் இன்னிக்கு ஒண்ணும் ஏறலை. சரி, நிலாவுல பேசினா பக்கத்துல இருக்கிறவருக்கு ஏன் கேக்காது?”

“அங்க காத்து இல்லை சார்.”

“தப்பு. எல்லாரும் தூங்கிட்டிருப்பாங்க.”

அவர் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. அத்தனை நிதானம்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் சரியாகத்தான் சொல்கிறார். தன் செவியில்தான் எல்லாம் தலைகீழாக விழுகிறது. விரல்கள் மரத்தன. தலை சுற்றியது. இந்த மூளையோடு விண்கலத்தில் ஏறினால், உடன் வருபவர்களின் உயிர் என்னாவது?

இருக்கை போனால் போகட்டும். கண்களை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

கதவு திறக்கும் ஓசை கேட்டது. அவளுடைய கதவு அன்று. எதிர் அறைக்குள் ஓடிய மருத்துவர், விமானியின் முகத்தில் பிராணவாயு முகமூடியைப் பொருத்தினார்.

“கூட வர்றவர் குழம்பினதைக் கண்டுபிடிச்சிட்டீங்க. இருக்கை உங்களுக்குத்தான்,” என்றது ஒலிபெருக்கியில் மருத்துவரின் குரல். “ஆனா, அதுக்கு ஏம்மா இவ்வளவு நேரம்? காத்தைக் குறைச்சது இவர் அறையில. உங்க அறையில ஓடறது வெறும் மின்விசிறி.”