பிரேம்குமார் சாரின் வலைப்பூ

"எம்மவ படிக்கிற போன்ல இந்த எழவ ஏத்தச் சொன்னது யாரு? அந்த டீச்சர வரச் சொல்லுங்க."

கருத்தையா செல்போனைத் தலைமையாசிரியை ஆனந்தவல்லியின் மேசையில் வைத்தார். வேலைக்குப் போகாமல் மம்சாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திருந்தார்.

திரையில் ஆங்கில வார்த்தை விளையாட்டு. அதன் கீழே எவனோ எழுதியிருந்தான்:

'பாப்பா, உன் போட்டோ அனுப்பு. அப்பாகிட்ட சொல்லாதே.'

ஆனந்தவல்லி ஏழாம் வகுப்பு ஆசிரியை எலினாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

எலினா வந்து அதைப் படித்தாள்.

"நேத்து வந்திருக்கு. ஜெயசித்ரா அழுதுக்கிட்டே எங்கிட்ட காட்டுதா" என்றார் கருத்தையா. "போதும்மா உங்க படிப்பு. டி.சி.யக் குடுங்க. தளவாய்புரத்துல எங்க அக்கா வீட்ல இருந்து நைட்டி தைக்கட்டும்."

"ஐயோ, இது நானா கண்டுபிடிச்சதில்லங்க" என்றாள் எலினா. "ராஜபாளையம் பிரேம்குமார் சார் வலைப்பூவுல எழுதினது. செல்போன் வழியா எப்படிக் கத்துக்கொடுக்கலாம்னு எழுதுறாரு. வாத்தியாருங்க எல்லாருமே பாராட்டுறாங்க. அவரை நம்பித்தான் போன மாசம் பிள்ளைகள்ட்ட ஏத்தச் சொன்னேன்."

ஆனந்தவல்லி ராஜபாளையத்துக்குப் போன் போட்டார்.

பதினொரு மணிக்கு பிரேம்குமார் பைக்கில் வந்து இறங்கினார்.

"நீருதானா அந்தப் பெரிய வாத்தியாரு?" கருத்தையா எழுந்தே விட்டார். "உமக்குப் பொம்பளப் பிள்ள இருக்கா?"

"இருக்குண்ணே. நாலாவது படிக்கா."

"அவளுக்கு இத ஏத்திக் குடுப்பீரா?"

பிரேம்குமார் எலினாவை ஒருமுறை பார்த்தார்.

"ஏத்தித்தான் குடுத்தேன். தப்பு என்மேலதாண்ணே. சரியாப் பார்க்காம எழுதிட்டேன்."

கருத்தையா அடிப்பார் என்றே எலினா நினைத்தாள்.

"என்னை என்ன வேணா சொல்லுங்க. ஆனா உங்க மக தானா வந்து உங்ககிட்ட காட்டியிருக்கா பாருங்க, அதுக்கு எம்புட்டு தைரியம் வேணும்! அந்தப் பிள்ளையவா நிப்பாட்டுவீக? வாங்க, போலீஸ்ல நானே எழுதிக் குடுக்கேன். அதுவரைக்கும் இத அழிச்சிராதீக."

கருத்தையா மேசையிலிருந்த செல்போனை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நாளைக்கு அனுப்புதேன். ஆனா அவளுக்குப் போன் கெடையாது."

"வேண்டவே வேண்டாம்ணே."

இருவரும் கிளம்பினார்கள். எலினா வாசல்வரை பின்னாலேயே போனாள்.

"சார், இனிமே எழுதுறதுக்கு முன்னாடி நாலு தடவை யோசிங்க. மாட்டிக்கிறது நாங்கதானே?"

"சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு பிரேம்குமார் பைக்கை எடுத்தார்.

உள்ளே ஆனந்தவல்லி பேனாவோடு காத்திருந்தார்.

"அறிக்கை அனுப்பணும். அந்த ஆள் என்னதான் எழுதியிருக்காருன்னு காட்டு."

எலினா வலைப்பூவைத் திறந்தாள். மேலே தள்ளிக்கொண்டே வந்த விரல் ஒரு பதிவில் நின்றுவிட்டது. ஆனந்தவல்லி போனை வாங்கிச் சத்தமாக வாசித்தார்.

'அவசரம். நான் பரிந்துரைத்த ஆங்கில விளையாட்டை எல்லாப் பிள்ளைகளின் போனிலிருந்தும் நீக்கச் சொல்லுங்கள். முன்பின் தெரியாதவர்கள் அதன் வழியே குழந்தைகளோடு பேச முடிகிறது. சோதிக்காமல் எழுதியது என் தவறு.'

பதினெட்டு நாளைக்கு முந்தைய தேதி. கீழே ஒரே ஒரு கருத்து.

'அருமையான பதிவு சார்! நாளைக்கே என் வகுப்பில் செயல்படுத்துகிறேன். தொடரட்டும் உங்கள் பணி! - எலினா, ஸ்ரீவில்லிபுத்தூர்.'

"பதிவை வாசிச்சியாம்மா?"

எலினா போனை வாங்கக் கையை நீட்டினாள்.

அதற்கும் கீழே பிரேம்குமார் பதில் போட்டிருந்தார்.

'நன்றி டீச்சர். நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே நீக்கச் சொல்லிவிடுங்கள்.'