பதினேழாம் நம்பர்

தனிமை பற்றிய ஆய்வுக்கட்டுரையின் முடிவுரையை மெர்லின் எழுதிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது.

"நான் பதினேழாம் நம்பர் பேசுறேன்மா," என்றது ஒரு பெண்குரல்.

ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் அறுபது பெண்களிடம் மெர்லின் படிவம் நிரப்பி வாங்கியிருந்தாள். யாருக்கும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பெயர் தெரிந்துவிட்டால் அந்தப் படிவம் செல்லாது என்று பேராசிரியை முதல் நாளே சொல்லியிருந்தார். அறுபதில் ஒன்று குறைந்தாலும் கட்டுரையை வாங்க மாட்டேன் என்றும் சொல்லியிருந்தார்.

"ஒரு கேள்விக்குத் தப்பா டிக் பண்ணிட்டேன். மனசு சரியில்லன்னா போன் பண்ண ஆள் இருக்கான்னு கேட்டிருந்தீங்கல்ல. இல்லன்னு போட்டேன். அதை மாத்தணும்."

"யாரு இருக்காங்கக்கா?"



"படிவத்துக்கு அடியில, சந்தேகம்னா கூப்பிடுங்கன்னு ஒரு நம்பர் போட்டிருந்துச்சு. அதான்."

மெர்லின் மடிக்கணினியில் பதினேழாவது வரிசையைத் தேடி அழித்தாள். அட்டவணையின் அடியில் மொத்தம் ஐம்பத்தொன்பது என்று மாறியது.

"இப்ப உங்க பேரைச் சொல்லுங்கக்கா."