மூன்றாம் நபர்

"போன இடமெல்லாம் இது பொம்மை காருன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க மேடம். நீங்களாவது வண்டிய ஒரு தரம் நேர்ல வந்து பாருங்க" என்று கெஞ்சினான் கலைவாணன்.

அபிநயா அந்த இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குக் கிளை மேலாளராக வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவன் நீட்டிய கைபேசியைப் பார்த்தாள். ரத்தச் சிவப்பில், தரையோடு ஒட்டிக்கொண்டு, வெளிநாட்டுப் பந்தயக் கார் ஒன்று பிள்ளையார்பாளையத்துத் தெருவில் நின்றது.

"ஒரிஜினலா?"

"ஐயோ, இல்ல மேடம். பழைய சின்னக் கார் ஒண்ணு வாங்கி, மேல பாடி மட்டும் அதே மாதிரி நானே செஞ்சேன். பைபர் பட்டறை வச்சிருக்கேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டி, ஆர்.சி.யிலயும் ஏத்திட்டேன். ஆனா கம்ப்யூட்டர்ல இந்த மாடலே இல்லைன்றாங்க."

"ஆசைக்கு எப்பவாவது எடுக்கிற வண்டிதானே? மெதுவா பார்த்துக்கலாமே?"

"தினமும் எடுக்கணும் மேடம். அம்மாவ வேலைக்குக் கூட்டினு போவணும்."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரேணுகாம்பாள் நிமிர்ந்தாள். ஐம்பது வயது இருக்கும். முன்னால் ஒரு வாக்கர் நின்றது.

"திருப்பருத்திக்குன்றத்துப் பக்கம் பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளரும்மா நானு. இடுப்புல கம்பி வச்சிருக்குது. பஸ்ல ஏற முடியாது. ஆட்டோன்னா தூக்கிப் போட்டுப் போட்டு உசுரே போவுது. இதுல எனக்குன்னு சீட்ட மாத்தி வச்சிருக்கான். அதுலதான் ஒக்கார முடியுது."

"கீழே விழுந்துட்டீங்களா?"

"ரோட்ல அடிபட்டுட்டேன்மா."

கலைவாணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"போன வருஷம் பழைய கார் பேர்லயே போட்ட இன்சூரன்ஸ் முடிஞ்சிடுச்சு மேடம். அன்னிலேர்ந்து வண்டிய வெளிய எடுக்கல. அம்மாவும் லீவுல இருக்காங்க. இதுக்கு மேல லீவு தர முடியாது, வேற ஆள் போடுவோம்னு சொல்லிட்டாங்க."

எத்தனையோ பேர் இன்சூரன்ஸ் இல்லாமலேயே ஊர் முழுக்க ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். வேலையே போகும் நிலையிலும் இவன் வண்டியை எடுக்காமல் இருக்கிறானே என்று அபிநயாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் காலையில் அவளே பட்டறைக்குப் போனாள். கதவு பக்கவாட்டில் திறக்காமல் மேல்நோக்கி எழுந்தது. கலைவாணன் ஒரு பிடியை அழுத்த, முன் இருக்கை அப்படியே வெளிப்பக்கம் திரும்பி வந்து நின்றது. ரேணுகாம்பாள் வாக்கரோடு நெருங்கி வந்து உட்கார்ந்தாள். அவள் தலை இடித்துவிடாமல் தன் உள்ளங்கையை மேலே வைத்துக்கொண்டு, இருக்கையை மெல்ல உள்ளே திருப்பினான்.

அபிநயா பிரேக்கைப் பார்த்தாள், விளக்குகளைப் பார்த்தாள், எஞ்சின் எண்ணைப் படம் எடுத்தாள். பிறகு ஓரமாகப் போய்க் கைபேசியில் தலைமை அலுவலகத்தோடு வெகுநேரம் வாதாடினாள்.

"ஆர்.சி.யில எல்லாம் சரியா ஏறியிருக்கு சார். கம்ப்யூட்டர்ல மாடல் இல்லைன்னா அது நம்ம பிரச்சினை, அவங்க பிரச்சினை இல்ல... நான் பொறுப்பு சார்... சரி சார்."

திரும்பி வந்தவள் முகத்தில் கொஞ்சம் தயக்கம் இருந்தது.

"தேர்ட் பார்ட்டி மட்டும்தான் தர முடியும்னு சொல்றாங்க. அதாவது உங்க வண்டியால மத்தவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னாதான் பணம் வரும். உங்க காருக்கு என்ன ஆனாலும் ஒண்ணும் கிடைக்காது. இவ்வளவு உழைச்சிருக்கீங்க..."

அவள் முடிப்பதற்குள் கலைவாணன் கைகூப்பிவிட்டான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"அது போதும் மேடம்! வண்டி போனா இன்னொண்ணு செஞ்சுக்குவேன். ரோட்ல போற ஆளுக்கு ஒண்ணுன்னா அவங்க நடுத்தெருவுல நிக்கக் கூடாது. எனக்கு அதான் வேணும். உங்கள மறக்கவே மாட்டேன். இருங்க, டீ வாங்கினு வரேன்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடினான்.

காருக்குள் இருந்தபடியே ரேணுகாம்பாள் அபிநயாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருப்பம்மா நீ. நாளைக்கே வேலைக்குப் போயிடுவேன். புள்ளைங்களப் பார்க்காம எனக்கு வூட்டுல இருப்பே கொள்ளல."

"எனக்கு எதுக்கும்மா நன்றி? அவருக்குச் சொல்லுங்க."

"அவனுக்குத் தினம் தினம் சொல்றேன். அன்னிக்கு ரோட்ல எல்லாரும் வேடிக்கை பார்த்துக்கினு நின்னாங்க. அவன்தான் என்ன வாரித் தூக்கி, இதே வண்டில போட்டுக்கினு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினான். கொஞ்சம் தாமசமா வந்திருந்தா பொழைக்கிறது கஷ்டம்னு டாக்டரே சொன்னாரு. அப்புறம் நான் படுத்துக் கெடந்தப்ப, மூஞ்சி கழுவி விடுறதுலேர்ந்து எல்லாம் அவன்தான் பார்த்தான்."

அபிநயாவுக்கு ஊரில் தனியாக இருக்கும் தன் அம்மாவின் நினைவு வந்தது.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்மா."

"புள்ளையா?" ரேணுகாம்பாள் சிரித்தாள். "எனக்குக் கல்யாணமே ஆவலம்மா."

தெருமுனையில் டீயோடு வேகவேகமாக வந்துகொண்டிருந்தவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அன்னிக்கு என்ன இடிச்சது இந்த வண்டிதான். ஓட்டினு வந்தவன் அவன்தான்."